சர்க்கரை, ரத்தக்குழாய் அடைப்பு, பரம்பரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோய்க் கிளினிக் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். டாக்டர் அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் என் மேசைப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: "இது எங்க வம்சத்துலயே ஓடுதா மேடம்?" அந்தக் கேள்வியின் பல வடிவங்களை அவர்கள் கேட்டபடியே கீழே எழுதி, தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டர் பாடு. அதில் நான் தலையிடவில்லை.

சுகர் இருந்தா ஹார்ட் அட்டாக் வரும்னு எல்லாருக்கும் தெரியும். இதுல ஜீன் எங்க வந்துச்சு?

சுகர் உள்ள எல்லோருக்கும் அடைப்பு வருவதில்லையே, அங்கேதான் வருகிறது. சென்னையில் தி.நகர், திருமங்கலம் பகுதிகளில் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. சர்க்கரை அளவு சரியாக இருந்தவர்களில் 9.1 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. சர்க்கரை நோயாளிகளிடம் அது 21.4 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் நோயாளிகளிலேயே மீதி 78 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அப்போது இல்லை. வயது, புகை, பிரஷர், கொழுப்பு, எத்தனை வருடமாகச் சுகர் என்பதெல்லாம் இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியை விளக்கும். அப்படியும் மிஞ்சுவதில் மரபணுவுக்கு ஒரு பங்கு உண்டு.

அமெரிக்காவில் வட கரோலினாவில் உடன்பிறந்த இருவருக்குமே சுகர் உள்ள குடும்பங்களாகத் தேடிப் பிடித்து ஸ்கேன் எடுத்தார்கள். இதயத் தமனியில் படிந்த சுண்ணாம்பின் அளவு குடும்பத்துக்குக் குடும்பம் மாறியது, ஒரே குடும்பத்துக்குள் ஒத்துப்போனது. எல்லோருக்கும் சுகர் இருக்கிறது. தமனிச் சுவர் அதைத் தாங்கும் விதம்தான் வீட்டுக்கு வீடு வேறு.

எங்கப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்துச்சு. எனக்கும் வந்துடுமா?

எந்த வயதில் வந்தது என்று முதலில் சொல்லுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன் வந்திருந்தால்தான் டாக்டர்கள் அதைக் குடும்ப வரலாறாகக் கணக்கில் எடுப்பார்கள். 78 வயதில் வந்த மாரடைப்பில் பரம்பரையை விட முதுமையின் பங்கே பெரிது.

இந்த வயதுக் கணக்கைக் காட்டிய பெரிய ஆய்வு ஸ்வீடனில் 21,000 இரட்டையர்களை வைத்து நடந்தது, 1994-இல் வெளியானது. ஆண்களில், ஒருவர் 55 வயதுக்கு முன் இதய நோயால் இறந்திருந்தால், ஒரே கருவிலிருந்து பிறந்த மற்றவருக்கு அதே வழியில் இறக்கும் ஆபத்து 8 மடங்கு. தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு 4 மடங்குக்குச் சற்றுக் குறைவு. முதலாமவர் இறந்த வயது கூடக் கூட இந்த வித்தியாசம் கரைந்துகொண்டே போனது.

"வரும்" என்றோ "வராது" என்றோ இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கிளினிக்குக்கு வரும்போது ஒரு தாளில் யாருக்கு, எந்த வயதில், என்ன வந்தது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். "நெஞ்சு வலியில போயிட்டார்" என்பதோடு நிறுத்தாமல் வயதையும் விசாரியுங்கள். காசில்லாமல் கிடைக்கும் மரபணுப் பரிசோதனை அதுதான். பத்து பேரில் ஒருவர்கூட அப்படிக் கொண்டுவருவதில்லை.

சுகர் வர்ற ஜீனும் அடைப்பு வர்ற ஜீனும் ஒண்ணுதானே?

பெரும்பாலும் வேறு. சுகருக்கு வலுவாகத் தொடர்புள்ள பொதுவான மரபணு டிசிஎஃப்7எல்2. 2006-இல் ஐஸ்லாந்தில் கண்டுபிடித்தார்கள். சென்னையிலும் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். கணையம் இன்சுலினைச் சுரப்பதில்தான் அதன் கைவரிசை. அடைப்புக்கு வலுவாகத் தொடர்புள்ள பொதுவான இடம் ஒன்பதாம் குரோமோசோமில் 9பி21 என்ற பகுதி. 2007-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து ஒரே நேரத்தில் வெளியிட்டன. கொழுப்பையும் ஏற்றாமல் பிரஷரையும் ஏற்றாமல் தமனிச் சுவரிலேயே அது வேலை செய்வதாகத் தெரிகிறது.

வேடிக்கை என்னவென்றால், சுகருக்கான ஒரு மாற்றமும் அதே 9பி21-இல்தான், அடைப்புக்கான மாற்றத்துக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறது. ஆனால் இரண்டும் தனித்தனியாகவே பிள்ளைகளுக்குப் போகின்றன. ஒரே தெருவில் குடியிருப்பதால் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவதில்லை.

அந்த 9பி21 எனக்கு இருந்தா, சுகரும் இருந்தா, என்ன ஆகும்?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இது. இந்த மாற்றம் அரிதானது அல்ல. எந்த மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வரும். ஐரோப்பிய வம்சாவளியினரில் பாதிப் பேரிடம் ஒரு பிரதி, கால்வாசிப் பேரிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஆகவே "இருக்கா, இல்லையா" என்பதைவிட, இருந்தால் எதோடு சேர்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

பாஸ்டனில் ஜோஸ்லின் நீரிழிவு மையத்தின் நோயாளிகள் 734 பேரிடம் செய்த ஆய்வு 2008-இல் வந்தது. அபாயப் பிரதி எதுவும் இல்லாமல் சுகரும் கட்டுப்பாட்டில் இருந்தவர்களை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிரதி இருந்தும் சுகரைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கு அடைப்புக்கான வாய்ப்பு சுமார் 2 மடங்கு. இரண்டு பிரதியும் இருந்து சுகரும் கட்டுமீறி இருந்தவர்களுக்கு 4 மடங்குக்கும் மேல். மரபணு அதேதான், பக்கத்தில் என்ன சுகர் இருக்கிறதோ அதைப் பொறுத்து அது கடிக்கும் ஆழம் மாறுகிறது.

சுகர்காரங்களை மட்டும் தாக்குற ஜீன் ஏதாவது இருக்கா?

இருக்கிறது. 2013-இல், ஒன்றாம் குரோமோசோமில் ஜிஎல்யுஎல் என்ற மரபணுவுக்கு அருகே ஒரு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. சர்க்கரை நோயாளிகளிடம் அது இதய நோய் வாய்ப்பை ஒவ்வொரு பிரதிக்கும் 36 சதவீதம் கூட்டியது. சுகர் இல்லாதவர்களிடம் எதுவும் செய்யவில்லை. குளூட்டமிக் அமிலத்தைக் குளூட்டமினாக மாற்றும் நொதியின் மரபணு அது. அபாயப் பிரதி உள்ளவர்களின் ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களில் அந்த மரபணு குறைவாகவே வேலை செய்தது.

இன்னொன்று ஹாப்டோகுளோபின். சிவப்பணு உடையும்போது வெளியே கொட்டும் ஹீமோகுளோபினைப் பிடித்து அப்புறப்படுத்துகிற ரத்தப் புரதம். மக்களில் 1-1, 2-1, 2-2 என மூன்று வகை உண்டு. இதில் 2-2 வகை வேலையில் மந்தம். சுகரும் சேர்ந்தால், பிடிபடாத ஹீமோகுளோபின் கொழுப்பைக் கெடுத்துத் தமனிச் சுவரில் ஏற்றுகிறது. இந்த 2 என்னும் பிரதி உலகிலேயே மிக அதிகமாக இருப்பது இந்தியத் துணைக்கண்டத்தில்தான்.

அந்த 2-2 ஆளுங்களுக்கு விட்டமின் ஈ நல்லதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

பாதி உண்மை. இஸ்ரேலில் 55 வயது கடந்த, 2-2 வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,434 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் 400 யூனிட் விட்டமின் ஈ கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து மாத்திரை எடுத்தவர்களில் 2.2 சதவீதம், எடுக்காதவர்களில் 4.7 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் வகை பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் விட்டமின் ஈ இதயத்துக்கு எந்தப் பலனும் தரவில்லை. உங்கள் வகை என்ன என்று தெரியாமல் மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்ள இதில் நியாயம் இல்லை.

என் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் நார்மல். அப்புறம் எப்படி 44 வயசுல ஸ்டென்ட்?

வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் தனியாகத் தெரியாத ஒன்று இருக்கிறது: எல்பி-ஏ என்று சுருக்கமாகச் சொல்கிற லைப்போபுரோட்டீன்-ஏ. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்புத் துகளின் மேல் இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும். அளவை ஏறக்குறைய முழுவதும் மரபணுதான் தீர்மானிக்கிறது. சின்ன வயதிலேயே நிலைபெற்றுவிடும். எண்ணெயைக் குறைத்தாலும் நடந்தாலும் கொழுப்பைக் குறைக்கிற ஸ்டேட்டின் மாத்திரை போட்டாலும் இறங்காது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் அபாயம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களிடம் அளவு கூடுதல். வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும் என்பதால், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருப்பவர்களிடம் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

அளவு கூடுதலாக இருந்தால் என்ன செய்வது? அதைக் குறைக்கிற ஊசி மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. அதுவரை மற்ற எல்லாவற்றையும், குறிப்பாக எல்டிஎல்லை, இன்னும் கீழே இறக்குவதுதான் வழி.

சொந்தத்துல கல்யாணம் பண்ணினதாலதான் இப்படின்னு என் மருமகள் சொல்றா. நிஜமா?

மருமகள் சொல்வது பெரும்பாலும் பொருந்தாது. வழக்கமான அடைப்பு நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்கள் கூடி வருவது. மாமன் மகளைக் கட்டாதவர்களுக்கும் அவை வந்து சேரும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: பரம்பரை உயர் கொலஸ்ட்ரால். எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் மரபணு பழுதானால் வருவது. சுமார் 250 பேரில் ஒருவருக்கு ஒரு பிரதி பழுதாக இருக்கும். எல்டிஎல் 190-ஐத் தாண்டும், குதிகால் தசைநாண் தடித்திருக்கும். ஒரே பழுதைச் சுமக்கும் நெருங்கிய உறவினர்கள் மணந்தால், பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாக வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்தப் பிள்ளைகளுக்கு எல்டிஎல் 500-ஐத் தாண்டலாம், பள்ளிக்கூட வயதிலேயே முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சள் கொழுப்புக் கட்டி தெரியும், இருபது வயதுக்குள் மாரடைப்பும் வரலாம். அரிது, ஆனால் உண்மை.

எங்க அண்ணனுக்கு இருபது வருஷமா சுகர், ஒண்ணுமே ஆகலை. எனக்கு ஆறே வருஷத்துல அடைப்பு. ஒரே ரத்தம்தானே?

ஒரே ரத்தம் என்பது பேச்சுக்கு. உடன்பிறந்தவர்கள் மரபணுவில் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கிறார்கள். அண்ணனுக்கு வராமல் உங்களுக்கு வந்த 9பி21 பிரதியோ எல்பி-ஏ மரபணுவோ இருக்கலாம். அதோடு, உங்களுக்குச் சுகர் கண்டுபிடித்து ஆறு வருடம். தொடங்கி எத்தனை வருடமோ.

ஆரம்பத்து வருடங்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் 1983 முதல் 1993 வரை ஓர் ஆய்வு நடந்தது. அந்த வருடங்களில் சுகரை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு, ஆய்வு முடிந்து இரு தரப்பின் அளவும் ஒன்றாகிவிட்ட பிறகும், 2005-இல் பார்த்தபோது இதய, ரத்தக்குழாய் பாதிப்பு 42 சதவீதம் குறைவு. ரத்தக்குழாய் பழையதை மறப்பதில்லை. மரபணு எழுத்து மாறாவிட்டாலும் அதன் மேல் ஒட்டும் வேதிக் குறிகளைச் சுகர் மாற்றிவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

இன்னொரு சாத்தியமும் உண்டு. உங்கள் அண்ணனுக்கு வெறும் வயிற்றுச் சுகர் வருடக்கணக்காக 110, 130 என்று நின்ற இடத்திலேயே நிற்கிறதா? மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் மாறவில்லையா? ஜிசிகே என்ற ஒற்றை மரபணு மாற்றத்தால் வரும் சுகர் அப்படித்தான் இருக்கும். பிரிட்டனில் இப்படிப்பட்டவர்களைப் பரிசோதித்தபோது, சராசரியாக 48 வருடத்துக்கும் மேல் கூடுதல் சுகரோடு வாழ்ந்தும் பெரிய ரத்தக்குழாய் பாதிப்பு சுகர் இல்லாதவர்களைப் போலவே குறைவாக இருந்தது. ஆனால் இது அபூர்வம். தனக்கு அதுதான் என்று முடிவுகட்டி யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

கால்ல வர்ற அடைப்பும் இதே ஜீன்தானா?

பாதிக்கு மேல் பொது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு, கால் ரத்தக்குழாய் நோயோடு தொடர்புள்ள 19 இடங்களைக் காட்டியது. அதில் 11 இடங்கள் இதயம், மூளை, கால் மூன்றுக்கும் பொது; எல்பி-ஏ மரபணுவும் அதில் உண்டு. காலுக்கு மட்டுமே உரியவற்றில் ரத்தம் உறைவதோடு சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது.

இன்னொரு மரபணுவின் கதை எனக்குப் பிடித்தது. ஐஸ்லாந்தில் 2008-இல் பதினைந்தாம் குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். அது தமனியைத் தொடுவதே இல்லை. மூளையில் நிகோட்டின் ஒட்டும் இடத்தை மாற்றி, சிகரெட்டை விடமுடியாமல் செய்கிறது. அந்தச் சிகரெட் போய்க் காலை அடைக்கிறது. சிகரெட்டைத் தொடாதவரிடம் அதற்கு வேலையே இல்லை.

ஆன்லைன்ல ஜீன் டெஸ்ட் விக்கறாங்க. எச்சில் அனுப்பினா சொல்லிடுவாங்களாம். எடுக்கலாமா?

பல இலட்சம் மாற்றங்களைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகத் தருவதுதான் அது. மாவு சலிக்கும் சல்லடை போல, அதிக ஆபத்து உள்ளவர்களை ஓரளவு பிரித்துக் காட்டும். ஆனால் அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துத் தயாரானவை. தெற்காசியர்களிடம் வேலை செய்கிறதா என்று வங்கதேச, இந்திய நோயாளிகளை வைத்து 2020-இல் சரிபார்த்தார்கள்; செய்கிறது, ஆனால் அளவுகோலை நம் மக்களுக்கேற்பத் திருத்தினால்தான்.

ஏற்கெனவே சுகர் இருப்பவருக்கு, மதிப்பெண் குறைவாக வந்தாலும் பெரும்பாலும் ஸ்டேட்டினும் பிரஷர் மருந்தும் மாறப்போவதில்லை. அதே காசில் எல்பி-ஏ பார்த்து, கால் ரத்த ஓட்டத்தையும் சிறுநீர்ப் புரதத்தையும் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

ஸ்டென்ட் வெச்சதுக்கு அப்புறம் தர்ற மாத்திரை சிலருக்கு வேலை செய்யாதாமே?

இங்கே ஜீன் டெஸ்ட் உண்மையிலேயே பயன்படும். குளோபிடோகிரெல் மாத்திரையை நாம் விழுங்கியபடியே உடல் பயன்படுத்துவதில்லை. கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதி அதை மாற்றிய பிறகுதான் ரத்தம் கட்டுவதைத் தடுக்கும். அந்த நொதி மந்தமாக உள்ளவர்கள் தெற்காசியர்களில் நிறைய. இரண்டு பிரதியும் செயலிழந்தவர்களுக்குப் பலன் குறையும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-இல் கடும் எச்சரிக்கை சேர்த்தது. சுகர் உள்ளவர்களின் தட்டணுக்கள் எப்படியும் ஒட்டும் குணம் கூடியவை என்பதால் கவலை இரட்டிப்பு. இந்த நொதியை நம்பியிராத டைக்காகிரெலர், பிராசுகிரெல் போன்றவை உண்டு. சந்தேகம் இருந்தால் ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக ஒரு நாள்கூட விட்டுவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

ஸ்டேட்டின் போட்டா சுகர் ஏறுதாமே? அப்ப எதுக்குப் போடணும்?

கொஞ்சம் ஏறும், உண்மைதான். மருந்து முடக்குகிற அதே நொதியைப் பிறவியிலேயே குறைவாகக் கொண்டவர்களுக்கு எல்டிஎல் குறைவாகவும் எடையும் சுகர் வாய்ப்பும் சற்றுக் கூடுதலாகவும் இருப்பதை 2015-இல் காட்டினார்கள். நெதர்லாந்தில் இதன் மறுபக்கம் தெரிந்தது: மேலே சொன்ன பரம்பரை உயர் கொலஸ்ட்ரால் உள்ளவர்களில் 1.75 சதவீதம் பேருக்குத்தான் சுகர். அது இல்லாத உறவினர்களில் 2.93.

சரி, லாபம் எவ்வளவு? சர்க்கரை நோயாளிகள் 2,838 பேரிடம் 10 மில்லிகிராம் அடோர்வாஸ்டேட்டினைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். பெரிய இதய, பக்கவாத நிகழ்வுகள் 37 சதவீதம் குறைந்தன. சுகர் சற்று ஏறினால் அதற்கு வழி இருக்கிறது.

சுகரை 6-க்குக் கீழ கொண்டுவந்துட்டா ஜீன் ஒண்ணும் பண்ண முடியாதுதானே?

9பி21 பதிலைப் படித்தவர்கள் அடுத்துக் கேட்பது இது. மூன்று மாதச் சராசரியை 6-க்குக் கீழே இறக்கப் பார்த்த அமெரிக்க, கனடிய ஆய்வில் 10,251 பேர் இருந்தார்கள். சராசரி வயது 62, பலர் ஏற்கெனவே இதய நோயாளிகள். சுகரை இறுக்கிப் பிடித்த பிரிவில் 257 பேரும் வழக்கமான பிரிவில் 203 பேரும் இறந்ததால், 2008-இல் அந்த இறுக்கமான சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் 2016-இல் அதே ஆய்வின் வெள்ளை இனத்தவரின் ரத்தத்தை ஆராய்ந்தபோது, இரண்டு மரபணு மாற்றங்களை வைத்து, இறுக்கிப் பிடித்ததால் யாருக்கு லாபம், யாருக்குக் கேடு என்று பிரிக்க முடிந்தது. நம் மக்களிடம் அதைக் கிளினிக்கில் பயன்படுத்தும் நிலை இன்னும் வரவில்லை. ஆகவே எண்ணை உங்கள் வயது, இதயத்தின் நிலை பார்த்து டாக்டர் சொல்லட்டும். ஆரம்பத்தில் இறுக்கம், வயதான பிறகு நிதானம் என்பதுதான் பொதுவான போக்கு.

ஜீன்லயே எழுதியிருந்தா நடைப்பயிற்சி, பத்தியம் எல்லாம் எதுக்கு?

பொதுமக்கள் 55,000 பேருக்கு மேல் பார்த்த ஆய்வு 2016-இல் வந்தது. மரபணு ஆபத்து அதிகம் உள்ள பிரிவிலேயே, புகையாமை, பருமனின்மை, உடற்பயிற்சி, நல்ல சாப்பாடு நான்கில் மூன்றாவது கடைப்பிடித்தவர்களுக்கு மாரடைப்பு போன்றவை 46 சதவீதம் குறைவு.

சர்க்கரை நோயாளிகளிடம் டென்மார்க்கில் 1993-இல் தொடங்கிய ஆய்வு இன்னும் தெளிவு. சிறுநீரில் புரதம் போகத் தொடங்கிய 160 பேர்தான். பாதிப் பேருக்குச் சுகர், பிரஷர், கொழுப்பு, உணவு, புகை எல்லாவற்றையும் ஒருசேர எட்டு வருடம் பார்த்தார்கள். 21 வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது அவர்கள் மற்றவர்களைவிட 7.9 வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். அவர்களில் யாருடைய ஜீனையும் யாரும் மாற்றவில்லை.

என் பிள்ளைங்களுக்கு இப்பவே என்ன டெஸ்ட் எடுக்கணும்?

ஜீன் டெஸ்ட் வேண்டாம். உங்களுக்கு இளவயதில் அடைப்பு வந்திருந்தால் பிள்ளைகளுக்குக் கொழுப்புப் பரிசோதனை ஒரு தடவை, வளர்ந்தவர்களாக இருந்தால் எல்பி-ஏ ஒரு தடவை, வெறும் வயிற்றுச் சுகரும் பிரஷரும் வருடம் ஒரு முறை. உங்கள் எல்டிஎல் 190-க்கு மேல் இருந்தது என்றால் சின்னப் பிள்ளைகளுக்கும் கொழுப்பு பார்க்க வேண்டும்.

அப்புறம் வேலைக்குப் போகும் பையன் சிகரெட் பிடிக்கிறானா என்று கேளுங்கள். கால் அடைப்புக் கேள்வியில் சொன்ன அந்த நிகோட்டின் மரபணு அவனிடம் இருக்கிறதா என்று சோதிக்கத் தேவையில்லை. "விடணும்னு நினைக்கிறேன், முடியலை" என்று அவன் சொன்னால் நேரே இங்கே அழைத்துவாருங்கள். விடுவதற்கு மாத்திரை உண்டு, சூயிங்கம் உண்டு.